பெயின்ட் அடிக்கும் அறைக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

கோவையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை இருக்கிறது. ஒரு காலத்தில் விறகும் தேங்காய் மட்டையும் அடுக்கி வைத்த இடம். இப்போது என் மரவேலைப் பட்டறை. ஓர் ஐப்பசி மாதம், பழைய தேக்கு ஊஞ்சல் பலகையை இழைத்துத் தேய்த்து அதற்கு என்சி லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸில் செய்த, மரத்துக்கான பளபளப்புப் பூச்சு) பூசிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. ஈரக் காற்று பட்டால் லேக்கர் வெளுத்துப்போகும் என்பதால் ஜன்னலையும் கதவையும் இறுக அடைத்திருந்தேன். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் ஐந்து நிமிடம் நெடி மூக்கைத் துளைத்தது. அப்புறம் தெரியவில்லை. ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் காபியோடு கதவைத் திறந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னங்க இது, கண்ணெல்லாம் எரிகிறது! உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார். எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை. எழுந்தபோதுதான் தரை ஒரு பக்கம் சாய்ந்தது போலிருந்தது. அன்று இரவு முழுவதும் தலைவலி.

ஃபேன் ஓடியது, காற்று நகரவில்லை. இவை இரண்டும் வேறு வேறு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கார் ஷெட்டிலோ மொட்டைமாடி அறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ சிறு பட்டறை வைத்துக்கொண்டு, கதவுக்கு எனாமல் பூசுவதும் மேசைக்கு மைக்கா ஒட்டுவதும் மீன்தொட்டிக்குச் சிலிக்கான் வைப்பதுமாக இருக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நெடி எங்கிருந்து வருகிறது

பெயின்ட் காய்கிறது என்று சொல்கிறோமே, அப்போது நடப்பது இதுதான்: பிசினையும் நிறத்தையும் தூரிகையில் ஓடும்படி இளக்கி வைத்திருந்த கரைப்பான், ஆவியாகி மேற்பரப்பை விட்டு வெளியேறுகிறது. பிசின் பலகையில் தங்கிவிடுகிறது. ஆக, பூச்சை இளக்க நீங்கள் ஊற்றிய தின்னரில் ஒரு சொட்டு விடாமல் அத்தனையும் கடைசியில் அறைக் காற்றில்தான் போய்ச் சேர்கிறது. டின்னில் இருந்தது இப்போது காற்றில் இருக்கிறது, அவ்வளவுதான். என்சி லேக்கரின் தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், அசிட்டோன், சில எஸ்டர்கள், ஆல்கஹால் கலந்திருக்கும். எனாமலுக்கு ஊற்றுவது மினரல் டர்பன்டைன். மைக்கா ஷீட் ஒட்டும் ரப்பர் பசையில் டொலுயீனோ ஹெக்ஸேனோ இருக்கும். ஹெக்ஸேன் நாள்பட்ட பழக்கத்தில் கை கால் நரம்புகளைக் கெடுக்கும் என்பது மருத்துவத்தில் நன்கு அறிந்த உண்மை.

எவ்வளவு தின்னர், எவ்வளவு காற்று? இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் பிறகு யாரும் ஜன்னலை அடைக்க மாட்டார்கள். 100 மில்லி டொலுயீன், அதாவது ஒரு சிறு காபி டம்ளர் அளவு, ஏறக்குறைய 87 கிராம் எடை இருக்கும். அது முழுவதும் ஆவியானால் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 23 லிட்டர் ஆவியாக விரியும். என் அறை பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். 1200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர் காற்று. 23-ஐ 34,000-ஆல் வகுத்தால், பத்து லட்சம் பங்கு காற்றில் 680 பங்கு ஆவி. இந்தப் 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்ற அளவைத்தான் பிபிஎம் என்கிறார்கள்.

680 பிபிஎம் என்றால் என்ன? இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, எட்டு மணி நேர வேலையில் டொலுயீனுக்கு அனுமதித்த சராசரி 100 பிபிஎம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், 500 பிபிஎம் அளவை உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்தானது என்று வரையறுத்திருக்கிறது. அடைத்த அறையில் ஒரு காபி டம்ளர் தின்னர் அந்த எல்லையையும் தாண்டிவிடுகிறது. நான் அன்று ஊஞ்சல் பலகைக்குப் பயன்படுத்தியது ஒரு டம்ளருக்கு மேலேயே இருக்கும்.

மூக்கு ஏன் எச்சரிக்கவில்லை? மூக்கு மாற்றத்தைத்தான் கவனிக்கும், அளவை அல்ல. பூக்கடைக்குள் நுழையும்போது வீசும் மல்லிகை மணம் கடைக்காரருக்குத் தெரியாதது போல, தொடர்ந்து இருக்கும் நெடியைச் சில நிமிடங்களில் மூளை ஒதுக்கி வைத்துவிடுகிறது. அதனால் 'இப்போது நெடி இல்லை' என்பதை உள்ளே இருப்பவர் சொன்னால் அதை நம்பக் கூடாது. வெளியிலிருந்து வருபவர் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், சில பொருள்களுக்கு நெடியே பெரிதாக இருக்காது, தீங்கு மட்டும் இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது ஒரு நாள் தலைவலியோடு முடிகிற விஷயமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயின்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் 1989-லேயே சேர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்த நெடியில் நிற்பவர்களைப் பற்றிய முடிவு அது. மாதம் ஒரு முறை தூரிகை எடுப்பவர் அதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர் நாளெல்லாம் அதில்தான் நிற்கிறார். அவர் உள்ளே வேலை செய்யும்போது ஜன்னல்களைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு.

உள்ளே வர வழி இல்லாமல் வெளியே போகாது

இப்போது அந்த ஃபேனுக்கு வருவோம். அறை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று புகாதபடி மூடிய குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றினால் ஒழுகுமா? உள்ளே காற்று புக ஓட்டை இருந்தால்தான் தண்ணீர் வெளியே வரும். ஃபேனும் அப்படித்தான். அது வெளியே தள்ளும் ஒவ்வொரு பிடிக் காற்றுக்கும் ஈடாக ஒரு பிடிக் காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வழி இல்லையென்றால் இறக்கை சுழலும், சத்தம் வரும், காற்று அங்கேயே நின்று சுற்றும். என் அறையில் கதவுக்கு அடியில் இருந்த அரை அங்குல இடுக்குதான் மொத்த நுழைவாயிலும்.

எவ்வளவு திறப்பு வேண்டும்? சாதாரண ஒன்பது அங்குல ஃபேன் மணிக்கு 700 கன மீட்டர் தள்ளுவதாக எடுத்துக்கொள்வோம். உங்கள் ஃபேனின் அளவு அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கும். அந்தக் காற்று சிரமமில்லாமல் உள்ளே வர ஏறக்குறைய இரண்டு சதுர அடித் திறப்பு வேண்டும். கதவை ஓர் அடி திறந்து வைத்தாலே அதைவிட மூன்று மடங்கு கிடைத்துவிடும். கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் வலையின் கம்பிகளே திறப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மரத்தூள் படிந்த வலை என்றால் அது கிட்டத்தட்ட சுவர்தான். மாதம் ஒரு முறை துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

திறப்பு இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். என் அறையில் ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல். தலைசுற்றலுக்குப் பிறகு, இனி அதைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சரிபார்த்தது ஓர் ஊதுபத்தி. எல்லா டின்களையும் மூடி வெளியே வைத்துவிட்டு, அறையில் நெடி துளியும் இல்லாத ஒரு காலைப் பொழுதில், ஃபேனைப் போட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி அறை முழுக்க நடந்தேன். ஜன்னல் அருகே பிடித்தபோது புகை கோடு கிழித்தது போல நேராக ஃபேனுக்குள் பாய்ந்தது. இரண்டடி தள்ளி வேலை மேசைக்கு மேல் கொண்டுவந்தேன். புகை செங்குத்தாக மேலே எழுந்து, தலை உயரத்தில் சுருண்டு, அப்படியே தயங்கி நின்றது. ஜன்னல் வழியாக வந்த நல்ல காற்று, அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் பக்கத்து ஃபேன் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பலகை வைக்கும் இடத்தில் அசைவே இல்லை.

அந்த ஜன்னலை அடைத்தேன். அறையின் எதிர்க்கோடியில் இருக்கும் கதவை ஓர் அடி திறந்தேன். மீண்டும் மேசைக்கு வந்தேன். சில நொடிகளில் புகை சாய்ந்தது. கதவுப் பக்கமிருந்து மேசையைத் தாண்டி ஃபேன் பக்கம், மெதுவாக, ஆனால் தயக்கமில்லாமல் போனது. ஃபேனும் அதுதான், அறையும் அதுதான். மாறியது வழி மட்டுமே.

இதுதான் காற்றோட்டத்தின் உயிர்நாடி. காற்று ஒரு பக்கம் நுழைய வேண்டும், வேலை நடக்கும் இடத்தைக் கடக்க வேண்டும், எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். அந்த வழியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நல்ல காற்று உங்கள் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருந்து வந்து, உங்களைத் தாண்டி, பலகையைத் தாண்டி, ஃபேனுக்குப் போக வேண்டும். பலகை உங்களுக்கும் கதவுக்கும் நடுவே இருந்தால் அதன் ஆவி முழுவதும் உங்கள் முகத்தின் வழியாகத்தான் வெளியேறும். மேசையைத் திருப்பிப் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஊதுபத்திச் சோதனையை வீட்டில் எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். தின்னர் டின் திறந்திருக்கும்போது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் அந்தப் புகை காட்டிக்கொடுத்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் நாம் நினைப்பது போலத் தொலைவிலிருந்து ஆவியை இழுப்பதில்லை. ஒரு மெழுகுவத்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து மூச்சை உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று ஒரே திசையில் போகும், உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். ஒன்பது அங்குல ஃபேனிலிருந்து ஒன்பது அங்குலம் விலகினாலே இழுப்பின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் ஃபேனைச் சுவரின் உச்சியில் மாட்டிவிட்டு அறையின் நடுவில் வேலை செய்தால் பலன் குறைவு. மேசை உயரத்தில் ஃபேனை மாட்டி, மேசையை அதை ஒட்டிப் போடுவது நல்லது. ஸ்ப்ரே வேலைக்கு இது பொருந்தாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பலரும் கேட்கும் கேள்வி ஒன்று: கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனம்தானே, அப்படியானால் ஃபேனைத் தரையோரம் வைக்க வேண்டாமா? டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பது உண்மை. ஆனால் அது தூய ஆவியின் கணக்கு. 680 பிபிஎம் என்று சொன்னோமே, அந்தக் கலவையில் 99.9 சதவீதத்துக்கு மேல் சாதாரணக் காற்றுதான். அது தரையில் போய்ப் படுத்துக்கொள்ளாது, காற்று போகிற பக்கம் போகும். தின்னர் கொட்டிவிட்டாலோ அகன்ற தட்டில் திறந்து வைத்தாலோ மட்டும், அந்த இடத்தில் அடர்த்தியான ஆவி தரையோரமாக ஊர்ந்து பக்கத்து அறைவரை போகும். குழந்தைகள் தரையில்தான் விளையாடுவார்கள் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய ஃபேன்

அறையின் காற்று ஒரு மணியில் எத்தனை முறை மாறுகிறது என்று கணக்கிடுவதுதான் வழக்கம். என் அறை 34 கன மீட்டர். ஃபேன் மணிக்கு 700 தள்ளுகிறது. 700-ஐ 34-ஆல் வகுத்தால் இருபது முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அறைக் காற்று முழுவதும் மாறிவிடுகிறது என்று படும். ஆனால் வரும் காற்று இருக்கும் காற்றோடு கலந்துகொண்டேதான் போகிறது. கலங்கிய தொட்டியில் ஒரு பக்கம் நல்ல தண்ணீரை விட்டு மறுபக்கம் வடிய விட்டால் ஒரு தொட்டி நீர் போனதும் தெளிந்துவிடுமா? அப்படித்தான். நன்றாகக் கலக்கும் அறையில் ஒரு முறை காற்று மாறினால் 37 சதவீதம் ஆவி மிச்சம் இருக்கும்; மூன்று முறை மாறினால் 5 சதவீதம். அதுவும் புதிதாக ஆவி வராமல் இருந்தால்.

வேலை நடக்கும்போது ஆவி வந்துகொண்டே இருக்கும். ஒரு மணியில் 100 மில்லி தின்னர் ஆவியாகிறது என்றால், அதை 100 பிபிஎம் அளவுக்குள் வைக்க மணிக்கு 234 கன மீட்டர் காற்று வேண்டும். இது காற்று எல்லா மூலையிலும் ஒரே சீராகக் கலக்கும் என்ற கற்பனைக் கணக்கு. உண்மையில் மூலைகள் தேங்கும், பலகைக்கு மேல் அடர்த்தி கூடும். அதனால் மூன்று முதல் ஐந்து மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம். மூன்று மடங்கு என்றால் 700. ஆக, மணிக்கு ஒரு காபி டம்ளர் தின்னருக்கு ஒரு நல்ல ஒன்பது அங்குல ஃபேன் என்று மனதில் பதித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஊற்றும் வேலையென்றால் வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள்.

அட்டைப்பெட்டியில் எழுதிய அளவு, எதிர்ப்பு எதுவும் இல்லாதபோது கிடைப்பது. இறக்கையில் தூசு, வெளிப்பக்கத் தகட்டு மூடி, நீளமான குழாய், எல்லாம் அதைக் குறைக்கும். எங்கள் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வீசும் மேல்காற்றைக் கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் ஃபேன் மாட்டினால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காற்றை அந்தச் சின்ன இறக்கைகளால் வெல்ல முடியாது. ஆவி திரும்ப உள்ளேயே வரும். அந்தப் பருவத்தில் மேற்கை நுழைவாகவும் கிழக்கை வெளியேற்றமாகவும் வைத்துக்கொண்டால் ஃபேனே தேவைப்படாத நாள்களும் உண்டு. கடற்கரை ஊர்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அங்கே கணக்கு நேர்மாறு.

சீலிங் ஃபேனும் ஏசியும் காற்றோட்டம் தருவதில்லை. சீலிங் ஃபேன் இருக்கும் ஆவியைக் கலக்கி முகத்தில் வீசும், ஈரமான பூச்சில் தூசியையும் ஒட்டவைக்கும். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெயின்ட் அடிப்பது, ஃபேன் இல்லாமல் அடிப்பதைவிட எந்த வகையிலும் மேல் அல்ல.

பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். வெளியே இழுக்கும் ஃபேன் அறைக்குள் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். அதனால் கதவு இடுக்கு வழியாக வீட்டுக் காற்று பட்டறைக்குள் வரும், நெடி வீட்டுக்குள் போகாது. மாறாக, ஜன்னலில் டேபிள் ஃபேனை வைத்து உள்நோக்கி ஊதினால் அழுத்தம் கூடும். கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் நெடி சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போய்விடும். ஊதும் முறை தனியாக நிற்கும் ஷெட்டுக்குத்தான் பொருந்தும். வெளியேறும் காற்று எங்கே போய் விழுகிறது என்றும் எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே விடக் கூடாது. அடுக்குமாடியில் குளியலறைகளுக்கு நடுவே இருக்கும் டக்டில் விட்டால் அது மேல்மாடிக்காரர் வீட்டுக்குள் போகும்.

தீ

ஆவியின் இன்னொரு முகம் இது. டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அசிட்டோன் உறைநிலைக்கும் கீழே. நம் ஊர்க் குளிர்காலம்கூட இவற்றுக்குக் கோடைதான். டொலுயீன் ஆவி காற்றில் சுமார் 1.1 சதவீதத்தை, அதாவது 11,000 பிபிஎம்மை எட்டினால், ஒரு பொறி போதும். அடைத்த அறையில் ஒரு லிட்டர் தின்னரைக் கொட்டிவிட்டால், அறை முழுக்கச் சீராகப் பரவினால்கூட 6,800 பிபிஎம். தரையோரத்தில் அது எல்லையைத் தாண்டியே இருக்கும்.

அதனால் ஃபேனை எப்போது போடுகிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும். டின்னைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆவி நிறைந்த அறையில் சுவிட்சைத் தட்டினால் அந்தச் சுவிட்சுக்குள் வரும் பொறியே தீக்குச்சி. என் அறையின் சுவிட்ச் பலகையைக் கதவுக்கு வெளியே மாற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. டிரில், சாண்டர் போன்ற கைக்கருவிகளின் மோட்டார்களுக்குள் கார்பன் பிரஷ் உரசிப் பொறி விடும். பூச்சு காயும்வரை அவற்றை எடுக்க வேண்டாம். பூஜை விளக்கு, கொசுவத்திச் சுருள், பீடி, அடுத்த அறையில் கேஸ் அடுப்பு, எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

ஸ்ப்ரே துப்பாக்கி வைத்து என்சி லேக்கர் அடிப்பவர்களுக்கு: சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார், அடர்ந்த ஆவியும் நுண்துளிகளும் கலந்த காற்றின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. தீப்பொறி வெளியே வராத ஃபிளேம்புரூஃப் மோட்டார் வேண்டும்; அது வீட்டுச் செலவுக்கு எட்டாது. தனி ஷெட்டாக இருந்தால் இரு பக்கமும் அகலத் திறந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் நல்ல காற்றில் பெடஸ்டல் ஃபேனை நிறுத்தி முன்னோக்கித் தள்ளவிடலாம். மோட்டார் சுத்தமான காற்றில் இருக்கும், ஆவி எதிர்ப்பக்கம் போகும். வீட்டோடு ஒட்டிய அறையில் ஸ்ப்ரேயே வேண்டாம்.

சிலிக்கானும் அதன் உறவினர்களும்

இடுக்குகளை அடைக்க வைக்கும் சிலிக்கான் போன்ற சீலன்ட்கள் பெயின்டைப் போலக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகின்றன. இறுகும்போது ஒரு துணைப்பொருளை வெளியே விடுகின்றன. கண்ணாடிக்கும் மீன்தொட்டிக்கும் வைக்கும் சாதாரணச் சிலிக்கானில் வினிகர் நெடி அடிக்குமே, அது அசிட்டிக் அமிலம். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், ஆனால் தன்னை மறைத்துக்கொள்ளாது. 'நியூட்ரல்' என்று எழுதிய சிலிக்கானில் அந்தப் புளிப்பு நெடி இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றில் ஒரு வகை ஆக்ஸைம் என்ற பொருளை விடுகிறது. அதை ஐரோப்பிய ஒன்றியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. நெடி குறைவு என்பதைத் தீங்கு குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேலே சில நிமிடங்களில் தோல் கட்டிவிட்டாலும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். தடிமனாக வைத்த இணைப்பு பல நாள்களுக்கு அந்தத் துணைப்பொருளை விட்டுக்கொண்டே இருக்கும். அவசரமாக ஒரு மணி நேரம் ஃபேன் போடுவதைவிட, இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்தே வைப்பது இங்கே உதவும்.

பாலியூரிதேன் சீலன்ட், கதவு நிலைக்கு அடிக்கும் நுரை, இரண்டு டின்னாக வந்து கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ், இவற்றின் வினையாற்றும் பகுதி ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் டின்னில் இருப்பவை அதைப் போலப் பொங்கி ஆவியாவதில்லை. ஆனால் நெடி தெரிவதற்கு முன்பே தீங்கான அளவைத் தாண்டிவிடும் குணம் இவற்றுக்கு உண்டு. ஒருவருக்கு ஒரு முறை ஒவ்வாமை பதிந்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். தூரிகையால் பூசுவதென்றாலும் திறந்தவெளியில் பூசுங்கள். கலந்து ஸ்ப்ரே அடிப்பதை வெளியிலிருந்து குழாயில் காற்று தரும் கருவி உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

பழைய பெயின்டை உரிக்கும் ரிமூவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவற்றில் சில மெத்திலீன் குளோரைடு கலந்தவை. டின்னில் டைகுளோரோமீத்தேன் என்றும் எழுதியிருக்கலாம். 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் குளியல்தொட்டிகளுக்குப் புதுப்பூச்சு தரும் வேலையில் இருந்த 13 பேர், சிறிய குளியலறைகளில் இதன் ஆவியால் இறந்ததை அந்நாட்டு அரசு பதிவு செய்திருக்கிறது. 2019-இல் வீட்டு உபயோகத்துக்கு அத்தகைய ரிமூவரை விற்பதையே அங்கே தடை செய்தார்கள். இது உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். ஒன்பது அங்குல ஃபேனை நம்பி இதை அறைக்குள் திறக்காதீர்கள். வாங்கும்போதே டின்னைத் திருப்பிப் படியுங்கள்.

முகக்கவசம் எங்கே வருகிறது? கடைசியில். துணி முகக்கவசமும் என்95-உம் தூசியையும் நுண்துளியையும்தான் தடுக்கும். ஆவிக்கு அவை திறந்த கதவு. ஆவிக்குக் கரி நிரப்பிய கேட்ரிட்ஜ் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். அந்தக் கரி திறந்த நாளிலிருந்தே காற்றிலுள்ளதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்க வேண்டும். கவசத்துக்குள் நெடி தெரிந்தால் அது தீர்ந்துவிட்டது. தாடி இருந்தால் விளிம்பு முகத்தில் பதியாது. மெத்திலீன் குளோரைடுக்கும் ஐசோசயனேட்டுக்கும் வீட்டு உபயோகத்தில் இந்தக் கரியை நம்ப வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால், காற்றோட்டத்தைச் சரிசெய்வதற்கு முன் பொருளை மாற்ற முடியுமா என்று பாருங்கள். தண்ணீரில் கலக்கும் பூச்சுகள் இப்போது மரத்துக்கும் கிடைக்கின்றன. அவற்றிலும் கொஞ்சம் கரைப்பான் உண்டு. ஆனால் எனாமலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வேலையின் நடுவில் தலை பாரமாகவோ குமட்டலாகவோ கை தடுமாறுவதாகவோ தோன்றினால், பூச்சு கெட்டாலும் பரவாயில்லை, உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் பதறி உள்ளே ஓடாதீர்கள். வெளியிலிருந்தே கதவு ஜன்னல்களைத் திறந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, 108-க்குச் சொல்லுங்கள்.

பூசி முடித்த கையோடு ஃபேனை நிறுத்தும் பழக்கம்தான் எங்கும் பார்க்கிறேன். ஆவி அதிகமாக வருவது அதற்குப் பிறகுதான்; முழுப் பலகையும் ஈரமாக இருக்கிறது. லேக்கருக்கு இரண்டு மணி நேரமாவது, எனாமலுக்கு இரவு முழுவதும் காற்று ஓட வேண்டும். டின்னின் மூடியை ஓரம் துடைத்து, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி அடையுங்கள். தூரிகை கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் தெளிய விட்டால், மேலே தெளிந்ததை அடுத்த முறை கழுவப் பயன்படுத்தலாம்.

துடைத்த பனியன் வேஸ்ட்டைப் பட்டறைக்குள் போடக் கூடாது. தின்னர் நனைந்த துணி இரவெல்லாம் ஆவி விடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியோ, சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும்; யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. நான் அவற்றை வெளியே கொடியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போடுகிறேன். மழையாக இருந்தால் தண்ணீர் நிரப்பிய தகர வாளியில் அமிழ்த்தி மூடி வைக்கிறேன். ஐப்பசியில் லேக்கர் வேலையை எடுப்பதே இல்லை. ஊஞ்சல் பலகைக்கு அடுத்த பூச்சு தை மாதத்தில்தான், கதவைத் திறந்து வைத்து.